ஜிகாபிட் போர்ட்டுக்கு அப்பால்

ஹோஸ்டிங் நிறுவனங்களின் விலைப் பட்டியலில் பேண்ட்வித் பற்றி இரண்டு எண்கள்தான் இருக்கும். ஒன்று போர்ட்டின் வேகம். பெரும்பாலும் 1 ஜிபிபிஎஸ். மற்றொன்று மாதத்துக்கு இத்தனை டிபி என்ற வரம்பு, அல்லது வரம்பே கிடையாது என்ற வாக்குறுதி. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இதே எண்களைப் போட்டு விற்கும் இரண்டு நிறுவனங்களில், ஒன்றில் வைத்த தளம் இரவு ஒன்பது மணிக்கும் சட்டென்று திறக்கும்; மற்றொன்றில் வைத்த தளம் தவழும். சர்வர் ஒரே ரகம், மென்பொருள் ஒன்று, போர்ட்டும் ஒன்று. வித்தியாசம் போர்ட்டுக்கு வெளியே இருக்கிறது. அந்த நிறுவனம் யாரிடம் இணைப்பு வாங்கியிருக்கிறது, யாரோடு நேரடியாக இணைந்திருக்கிறது, கூட்டம் மிகுந்த மாலை வேளையில் அந்த இணைப்புகளில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்பதெல்லாம் விலைப் பட்டியலில் வருவதில்லை.

எந்த ஹோஸ்டிங்கின் நெட்வொர்க் நல்லது என்று கேட்பவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பது பெயர்களின் பட்டியல். லெவல் 3 இருந்தால் நம்பலாம், கோஜென்ட் மட்டும்தான் என்றால் வேண்டாம், ஆசியாவுக்கு என்டிடி தேவலை, இப்படிப் போகும். இருபது வருடமாக இந்தப் பட்டியல் கைமாறிக்கொண்டே இருக்கிறது. லெவல் 3 இன்று லூமென். டெலியாவின் சர்வதேச வலையமைப்புக்கு இன்றைய பெயர் ஆரெலியன். பெயர்ப் பலகை மாறியும் பட்டியல் மாறவில்லை. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் அது தவறான கேள்விக்கான விடை. நெட்வொர்க்கின் தரத்துக்கு ஒரே அளவுகோல் கிடையாது; உங்கள் வாசகர் எந்த நிறுவனத்தின் இணைப்பில் உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் ஒப்பிடவே முடியும்.

முதலில் கணக்கு. 1 ஜிபிபிஎஸ் போர்ட்டை மாதம் முழுக்க நிரப்பினால் 324 டிபி போகும். ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் தன் ஐரோப்பிய கிளவுட் சர்வர்களுக்குப் பல ஆண்டுகளாகத் தரும் 20 டிபி வரம்பைச் சராசரியாகப் பிரித்தால் 62 எம்பிபிஎஸ்தான். இது பெரும்பாலான தளங்களுக்கு ஏராளம். வரம்பைத் தாண்டினால் ஒரு டிபிக்கு 1 யூரோ. அமேசானின் கிளவுடில் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வெளியே போகும் தகவலுக்கு முதல் படியில் ஒரு ஜிபிக்கு 9 சென்ட், அதாவது டிபிக்கு ஏறத்தாழ 90 டாலர். அமேசானின் நெட்வொர்க் நல்ல நெட்வொர்க்தான். ஆனால் தொண்ணூறு மடங்கு நல்லது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பேண்ட்வித்தின் விலைக்கும் தரத்துக்கும் நேர்விகிதம் கிடையாது என்பதை இந்த ஒரு ஒப்பீடே காட்டிவிடுகிறது.

அப்படியென்றால் தரம் எங்கிருந்து வருகிறது? இணையம் என்பது 75,000க்கும் மேற்பட்ட தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒவ்வொன்றுக்கும் ஏஎஸ் எண் என்று ஓர் அடையாள எண் உண்டு. பிஜிபி என்ற நெறிமுறை வழியாக ‘என்னிடம் இந்த முகவரிகள் இருக்கின்றன, இன்னார் வழியாக வரலாம்’ என்று ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்கின்றன. இவை சேரும் விதம் அடிப்படையில் இரண்டே. பணம் கொடுத்து இன்னொரு நிறுவனத்திடம் முழு இணையத்துக்கும் வழி வாங்குவது டிரான்சிட். இரண்டு நிறுவனங்கள் தத்தம் வாடிக்கையாளர்களுக்கான போக்குவரத்தை மட்டும் நேரடியாக மாற்றிக்கொள்வது பியரிங். பெரும்பாலும் காசு கைமாறாது. இரண்டுக்கும் நடுவே, பியரிங்குக்கே பணம் வாங்கும் ஏற்பாடும் உண்டு. நம் கதையில் வில்லங்கம் எல்லாம் பெரும்பாலும் அந்த மூன்றாவது ரகத்தைச் சுற்றித்தான்.

பியரிங் எவ்வளவு சம்பிரதாயமற்ற உலகம் என்பதைப் பில் உட்காக் நடத்தும் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் கணக்கெடுத்திருக்கிறது. 2011இல் அவர்கள் திரட்டிய 1,42,000க்கும் மேற்பட்ட பியரிங் ஏற்பாடுகளில் எழுத்துபூர்வ ஒப்பந்தம் உடையவை அரை விழுக்காடுகூட இல்லை. 2016இல் 19 லட்சத்துக்கும் மேல் திரட்டியபோது அது 0.07 விழுக்காடாகச் சுருங்கியது. மிச்சமெல்லாம் வாய்ச்சொல். உலக இணையப் போக்குவரத்தின் பெரும் பகுதி கைகுலுக்கலை நம்பி ஓடுகிறது. நம்மூர் வட்டி வியாபாரிகூட வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார்.

டிரான்சிட்டுக்குக் கட்டணம் போடும் முறையையும் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனங்களின் சிக்கனத்துக்கு மூலகாரணம் அதுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை போர்ட்டின் சராசரி வேகத்தைக் குறித்துக்கொள்கிறார்கள். முப்பது நாள் மாதத்தில் 8,640 அளவீடுகள். அவற்றைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, உச்சியில் உள்ள 5 விழுக்காட்டை, அதாவது 432 அளவீடுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் எண்ணுக்கு பில் போடுகிறார்கள். 432 அளவீடுகள் என்பது 36 மணி நேரம். ஆக, மாதத்தில் ஒன்றரை நாள் எவ்வளவு பொங்கினாலும் காசில்லை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் உச்சம் தொட்டால் அந்த உச்சத்துக்கே மாதம் முழுவதற்கும் கட்ட வேண்டும். மாலை நேரக் கூட்டம்தான் ஹோஸ்டிங்காரரின் பில்லைத் தீர்மானிக்கிறது. அந்த நேரத்துக்காகக் கூடுதல் போர்ட் வாங்குவதா, கொஞ்சம் நெரிசலைச் சகித்துக்கொள்ளச் சொல்வதா என்ற முடிவில்தான் மலிவு நிறுவனமும் தர நிறுவனமும் பிரிகின்றன.

டிரான்சிட்டின் விலை சரிந்த வேகம் நம்ப முடியாதது. இந்தத் துறையை நீண்டகாலம் கவனித்து எழுதிய வில்லியம் நார்ட்டனின் பட்டியலில் 1998இல் ஒரு எம்பிபிஎஸ் மாதம் 1,200 டாலர். 2010இல் 5 டாலர். இந்தச் சரிவில் பெரும் பங்குடைய ஒரு நிறுவனத்தைப் பற்றித்தான் ஹோஸ்டிங் உலகில் இன்றும் அதிகம் சண்டை.

கோஜென்ட் 1999இல் டேவ் ஷேஃபர் வாஷிங்டனில் தொடங்கியது. அலுவலகக் கட்டடங்களுக்கு 100 எம்பிபிஎஸ் இணைப்பை மாதம் 1,000 டாலருக்குக் கொடுத்தது. எம்பிபிஎஸ்ஸுக்குப் பத்து டாலர். போட்டியாளர்கள் நூற்றுக்கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. டாட்காம் சரிவில் விழுந்த நிறுவனங்களை அடிமாட்டு விலைக்கு வாங்கிச் சேர்த்தது; ஒரு காலத்தில் பெரும்புள்ளியாக இருந்த பிஎஸ்ஐநெட்டின் அமெரிக்கச் சொத்துகள் 2002இல் சுமார் 1 கோடி டாலருக்குக் கைக்கு வந்தன. ஹோஸ்டிங் நிறுவனங்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போயின. விளைவாக, கோஜென்ட்டிலிருந்து வெளியே தள்ளப்படும் தகவல் மலைபோல் வளர்ந்தது. உள்ளே வருவது கொஞ்சம்தான். பியரிங் உலகில் போக்குவரத்து இரு பக்கமும் ஓரளவு சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய நிறுவனங்களின் விதி. கோஜென்ட் அந்த விதியை மிதித்ததாக அவர்கள் சொன்னார்கள். தங்கள் விலையை உடைத்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது என்று நினைக்க எல்லாக் காரணமும் உண்டு.

2002 இறுதியில் ஏஓஎல் கோஜென்ட்டோடு இருந்த இணைப்பைத் துண்டித்தது. 2005 ஏப்ரலில் பிரான்ஸ் டெலிகாம். அதே ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி லெவல் 3. இவை வெறும் வணிகச் செய்திகள் அல்ல. உச்சத்து நிறுவனங்களான கோஜென்ட்டும் லெவல் 3யும் ஒன்றையொன்று அடைய யாரிடமும் டிரான்சிட் வாங்கியிருக்கவில்லை என்பதால், நேரடி இணைப்பு அறுந்தால் சுற்றிப் போக வேறு வழி கிடையாது. கோஜென்ட்டை மட்டும் நம்பிய தளம், லெவல் 3ஐ மட்டும் நம்பிய வாசகருக்கு இல்லாத தளமாகிவிட்டது. சில நாட்களில் தற்காலிகமாக இணைப்பைத் திரும்பக் கொடுத்து, மாத இறுதியில் சமரசம் செய்துகொண்டார்கள். 2008 மார்ச்சில் டெலியாவோடு இரண்டு வாரம் இதே கதை. 2008 அக்டோபர் 30 அன்று ஸ்பிரின்ட் துண்டித்து மூன்றாம் நாள் திரும்ப இணைத்தது. இந்தக் கடைசிச் சண்டைக்கு ஒரு பின்கதை உண்டு. ஸ்பிரின்ட்டின் அந்தக் கம்பிவழி வலையமைப்பு கைமாறி டி-மொபைலிடம் வந்து, 2023 மே மாதம் கோஜென்ட்டுக்கே விற்கப்பட்டது. விலை ஒரு டாலர். கூடவே டிரான்சிட் சேவைக்காக டி-மொபைல் கோஜென்ட்டுக்குத் தவணைகளில் 70 கோடி டாலர் கட்டவும் ஒப்புக்கொண்டது.

கோஜென்ட்டை எப்போதும் அடிபட்டவனாகப் பார்க்கவும் முடியாது. புதிய தலைமுறை முகவரி முறையான ஐபிவி6இல் இலவசப் பியரிங்கை ஊக்குவித்த ஹரிகேன் எலெக்ட்ரிக் என்ற டிரான்சிட் நிறுவனத்தோடு இணைய அது மறுத்தது. 2009இல் வட அமெரிக்க வலையமைப்புப் பொறியாளர்களின் கூட்டத்துக்கு ஹரிகேன்காரர்கள், எங்களோடு ஐபிவி6இல் இணையுங்கள் என்று கோஜென்ட்டுக்கு வேண்டுகோள் எழுதிய பெரிய கேக்கைக் கொண்டு வந்தார்கள். கேக் தீர்ந்தது, பிணக்கு தீராமல் வருடக்கணக்கில் இழுத்தது. 2024 மே மாதம் இந்தியாவோடு தொடர்புள்ள ஒரு துண்டிப்பும் நடந்தது. டாடா கம்யூனிகேஷன்ஸின் சர்வதேச வலையமைப்பு ஆசியாவில் தன்னோடு இணைய மறுக்கிறது என்று சொல்லிக் கோஜென்ட் மற்ற இடங்களிலும் டாடாவின் இணைப்புகளை அறுத்தது. இரண்டில் ஒன்றை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு மறுபக்கம் எட்டாமல் போகும் நிலை. ஆசியாவுக்குள் பியரிங் கொடுத்தால் அங்கே விற்கும் டிரான்சிட் விலை விழும் என்பது இந்தப் பிராந்தியத்துப் பெரிய நிறுவனங்களின் நெடுநாள் அச்சம். அந்த அச்சம் நியாயம்தான் என்பது ஐரோப்பிய விலைகளைப் பார்த்தாலே தெரியும்.

முழுத் துண்டிப்பு செய்தியாகிவிடும். செய்தியாகாமல் ஆளைக் கொல்வது நெரிசல். 2013 இறுதியில் அமெரிக்காவின் காம்காஸ்ட் இணைப்பில் நெட்ஃபிளிக்ஸ் பார்த்தவர்களுக்குப் படம் தேங்கியது. நெட்ஃபிளிக்ஸ் அப்போது கோஜென்ட் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. கோஜென்ட்டும் காம்காஸ்ட்டும் சந்திக்கும் போர்ட்டுகள் நிரம்பி வழிந்தன. கூடுதல் போர்ட் போட காம்காஸ்ட் முன்வரவில்லை. 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் நேரடியாக காம்காஸ்ட்டுக்குப் பணம் கட்ட ஒப்புக்கொண்டதும் வேகம் சட்டென்று ஏறியது. அதே ஆண்டு மே மாதம் லெவல் 3 தன் நிலையை வெளிப்படையாக எழுதியது. அதன் 51 பியர்களில் ஆறு நிறுவனங்களின் போர்ட்டுகள் நிரந்தரமாக நிரம்பியிருந்தன; ஐந்து அமெரிக்காவில், ஒன்று ஐரோப்பாவில்; எல்லாமே தத்தம் சந்தையில் வீடுகளுக்கு இணைப்புத் தரும் பெருநிறுவனங்கள். ஒன்பது வருடம் முன்பு போக்குவரத்துச் சமநிலை பேசிக் கோஜென்ட்டை வெட்டிய அதே லெவல் 3, இப்போது கோஜென்ட்டின் வாதத்தைத் தன் வாயால் பேசிக்கொண்டிருந்தது.

இந்த விவகாரத்தில் கிளைக்கதை ஒன்று, அளவீடுகளை நம்பும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நெரிசல் உச்சத்தில் இருந்தபோது கோஜென்ட் தன் நிரம்பிய போர்ட்டுகளில் சில்லறை வாடிக்கையாளர்களின் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமை கொடுத்து, மொத்த வியாபார வாடிக்கையாளர்களுடையதைப் பின்வரிசையில் நிறுத்தியது. 2014 இறுதியில்தான் இது வெளியே வந்தது. இணைய வேகத்தைப் பொதுநலனுக்காக அளந்துவந்த எம்-லேப் அமைப்பின் சில சர்வர்கள் கோஜென்ட் இணைப்பில்தான் இருந்தன. சீர்கேடும் முன்னேற்றமும் எதனால் என்று அந்த வரைபடங்களை வைத்து வாதாடியவர்கள் மறுபடி கணக்குப் போட வேண்டியதாயிற்று. இதை ஒப்பிடும்போது, ஹோஸ்டிங் நிறுவனம் தரும் சோதனைக் கோப்பைப் பகல் பதினொரு மணிக்கு இறக்கிப் பார்த்து வாங்குபவரை என்னவென்று சொல்வது?

ஆக, மலிவு நெட்வொர்க் தொழில்நுட்பத்தில் மட்டம் என்ற பரவலான நம்பிக்கையை நான் பாதிதான் ஏற்கிறேன். கோஜென்ட்டின் கண்ணாடியிழையில் வெளிச்சம் மெதுவாக ஓடுவதில்லை. அதன் பிரச்சினை எல்லையில். எல்லையின் மறுபக்கம் நிற்கும் வீட்டு இணைப்பு நிறுவனத்தின் கையில்தான் சாவி. அதன் வாடிக்கையாளரை அடைய அதைத் தவிர வேறு வாசல் கிடையாது. இந்த ஏகபோகத்துக்கு முன்னால் ஹோஸ்டிங் நிறுவனம் எவ்வளவு நல்ல ரூட்டர் வைத்திருந்தாலும் பயனில்லை.

இதற்கு ஜெர்மனியைப் போலத் தெளிவான சாட்சி வேறில்லை. பல வலையமைப்புகள் ஒரே இடத்தில் கூடிப் பியரிங் செய்யும் இணையச் சந்திப்புகளில் உலகின் மிகப்பெரியவற்றில் ஒன்றான டிஇ-சிக்ஸ் 1995இலிருந்து பிராங்க்பர்ட்டில் இருக்கிறது. ஹெட்ஸ்னர் போன்ற மலிவு ஹோஸ்டிங் நிறுவனங்கள் அந்தச் சந்திப்பின் பலத்தில் வளர்ந்தவை. ஆனால் நாட்டின் பெரிய வீட்டு இணைப்பு நிறுவனமான டாய்ச்ச டெலிகாம், தன்னோடு நேரடியாக இணைய விரும்புவோரிடம் காசு கேட்கும். கொடுக்காதவர்கள் டிரான்சிட் வழியாகச் சுற்றி வரலாம். அந்த வாசல்களில் மாலையில் கூட்டம். பக்கத்து ஊரில் இருக்கும் சர்வர் கண்டம் தாண்டி இருப்பதுபோல் நடந்துகொள்ளும். ஹெட்ஸ்னர் ஒரு கட்டத்தில் டெலிகாமுக்கு நேர்வழி வேண்டும் என்கிற வாடிக்கையாளர்களுக்குத் தனிக் கட்டணத்தில் ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்து, அதற்கு ‘இருமுறை காசு கட்டிய போக்குவரத்து’ என்று பொருள்படப் பெயரும் வைத்தது. வீட்டுக்காரர் ஒருமுறை கட்டிவிட்டார், இது இரண்டாவது என்ற குத்தல் அதில் இருக்கிறது. இந்த வழக்கத்திலிருந்து பெரியவர்களும் தப்பவில்லை. 2024 மே மாதம் கொலோன் நீதிமன்றம் மெட்டா நிறுவனம் டாய்ச்ச டெலிகாமுக்குச் சுமார் 2 கோடி யூரோ கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மெட்டா நேரடி இணைப்பை விட்டு விலகி வேறு வழியாகப் போக்குவரத்தைத் திருப்பிவிட்டது.

தென்கொரியா இதை அரசு விதியாகவே ஆக்கியது. 2016 முதல் நிறுவனங்களுக்கிடையே தகவலை அனுப்பும் பக்கம் கட்டணம் செலுத்தும் முறை. பிற நாடுகளைவிடப் பத்து மடங்கு செலவு என்று சொல்லி நேரலைக் காணொளித் தளமான டிவிச் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டு வியாபாரத்தையே மூடியது. மற்றவர்களின் தளங்களை உலகெங்கும் பரிமாறும் கிளவுட்ஃபிளேர் 2014இல் வெளியிட்ட ஒப்பீட்டில், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 10 டாலர் என்று வைத்துக்கொண்டால் ஆசியாவில் டிரான்சிட் 70, ஆஸ்திரேலியாவில் 200. இரண்டு வருடம் கழித்து அவர்கள் சொன்னது இன்னும் சுவாரசியம்: ஆறு விலைகூடிய வலையமைப்புகள் அவர்களுடைய போக்குவரத்தில் 6 விழுக்காட்டுக்கும் குறைவு, ஆனால் பேண்ட்வித் செலவில் ஏறக்குறைய பாதி. ஜெர்மனியில் 20 டிபி தாராளமாகக் கொடுக்கும் ஹெட்ஸ்னர் சிங்கப்பூரில் அதில் ஒரு சிறு பங்கு மட்டும் கொடுப்பதும், ஐரோப்பாவில் வரம்பில்லை என்கிற ஓவிஎச் ஆசிய மையங்களில் வரம்பு வைப்பதும் இதனால்தான். ஹோஸ்டிங்காரரின் கஞ்சத்தனம் என்று திட்டுபவர்கள் தவறான ஆளைத் திட்டுகிறார்கள்.

ஒப்பிடும்போது நிறுவனங்களைச் சில வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஓவிஎச் போல நாடுகளைக் கடந்து சொந்த முதுகெலும்பு வைத்திருப்பவர்கள், பாக்கெட்டை வாசகருக்கு நெருக்கமான ஊர் வரை தாங்களே கொண்டுபோய் ஒப்படைக்க முடியும். கூகுள் 2017இல் தன் கிளவுடில் இதையே இரண்டு ரகமாக விலை பிரித்து விற்கத் தொடங்கியது: உயர் ரகத்தில் பெரும்பாலான தூரம் கூகுளின் சொந்தக் கேபிளில், சாதா ரகத்தில் கிளம்பிய ஊரிலேயே வெளி நிறுவனத்திடம் கைமாற்றிவிடுவார்கள். மற்றவர்கள் சொல்லாமல் செய்வதை அவர்கள் விலை போட்டுச் சொன்னார்கள். இரண்டாவது வகை, ஒரே டேட்டா சென்டரில் மூன்று நான்கு டிரான்சிட்டைக் கலந்து கொடுப்பவர்கள். உலக ஹோஸ்டிங்கில் பெரும்பான்மை இவர்கள். மூன்றாவது, கலவையைத் தானியங்கி முறையில் சரிசெய்து விற்பவர்கள். 1996இல் சியாட்டிலில் தொடங்கிய இன்டர்நேப் இதன் முன்னோடி. பல டிரான்சிட்டுகளையும் ஓயாமல் அளந்து நல்ல வழியைத் தேர்ந்து கொடுப்பதாகச் சொல்லிக் கூடுதல் விலை வாங்கியது. டிரான்சிட் விலை தரையைத் தொட்டதும் அந்தக் கூடுதல் விலைக்கு ஆள் குறைந்தது. 2020இல் திவால் பாதுகாப்பு கேட்டது. இந்த வகைக் கருவிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2019 ஜூன் 24 அன்று பென்சில்வேனியாவில் ஒரு சிறு நிறுவனத்தின் வழிசீராக்கும் கருவி உள்ளுக்குள் பிரித்து வைத்த வழிகள் வெளியே கசிந்து, வெரைசன் அவற்றை வடிகட்டாமல் உலகுக்கு அறிவித்து, கிளவுட்ஃபிளேரின் போக்குவரத்தில் ஒரு பகுதி அந்தச் சிறு குழாய்க்குள் திணிக்கப்பட்டது. நான்காவது வகை மறுவிற்பனையாளர்கள். அவர்களிடம் நெட்வொர்க் பற்றிக் கேட்டுப் பயனில்லை. அவர்கள் யாரிடம் வாங்குகிறார்கள் என்று கேட்க வேண்டும்.

பல டிரான்சிட் வைத்திருப்பது முழுக் காப்பீடு என்றும் நினைக்க வேண்டாம். 2020 ஆகஸ்ட் 30 அன்று, பின்னால் லூமென் என்று பெயர் மாறிய சென்சுரிலிங்க்கின் பழைய லெவல் 3 வலையமைப்பு ஒரு தவறான விதியால் மணிக்கணக்கில் முடங்கியது. வாடிக்கையாளர்கள் தங்கள் பக்க இணைப்பை அணைத்த பிறகும் அது அவர்களுடைய பழைய வழிகளை வெளியுலகுக்கு அறிவித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது டிரான்சிட் வைத்திருந்தவர்களின் போக்குவரத்தில் ஒரு பகுதியும் அந்தக் குழிக்குள் போய் விழுந்தது.

அளப்பது எப்படி என்பதற்கு வருவோம், ஏனென்றால் இங்கேதான் அதிகத் தவறு நடக்கிறது. தூரத்தை யாரும் ஏமாற்ற முடியாது. கண்ணாடியிழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். ஆயிரம் கிலோமீட்டருக்குப் போய்வர 10 மில்லி வினாடி. இதற்கு மேல் வருவதெல்லாம் சுற்றுவழியும் நெரிசலும். தாமதமும் இழப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வாளர் மேதிஸும் கூட்டாளிகளும் 1997இல் கொடுத்த சூத்திரம் உண்டு. நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலையும் வழியில், 10 மில்லி வினாடித் தாமதம் என்றால் ஓர் இணைப்புக்கு 14 எம்பிபிஎஸ் வரை கிடைக்கலாம். 150 மில்லி வினாடி என்றால் 1 எம்பிபிஎஸ்கூடக் கிடைக்காது. நெரிசலைக் கையாளும் பிபிஆர் போன்ற புதிய முறைகள் இந்தக் கணக்கைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் தொலைதூர ஹோஸ்டிங்கில் ஒரு விழுக்காடு இழப்பை அலட்சியம் செய்யக் கூடாது என்பது மாறவில்லை.

பாக்கெட் கடக்கும் ரூட்டர்களை வரிவரியாகக் காட்டும் டிரேஸ்ரூட், எம்டிஆர் போன்ற கருவிகளின் விடையைப் பார்த்ததும் நடுவில் ஒரு வரியில் 60 விழுக்காடு இழப்பு என்று கண்டு கொதிப்பவர்கள் நிறைய. அடுத்தடுத்த வரிகளில் இழப்பு இல்லையென்றால் அந்த வரிக்குப் பொருளே இல்லை. அந்த ரூட்டர் தன்னைக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை தொடரும் இழப்பைத்தான் பார்க்க வேண்டும். ரூட்டர் பெயர்களில் பெரும்பாலும் ஊரின் விமான நிலையக் குறியீடு ஒளிந்திருக்கும்: எம்ஏஏ என்றால் சென்னை, எஸ்ஐஎன் சிங்கப்பூர், எல்ஏஎக்ஸ் லாஸ் ஏஞ்சலஸ். சென்னையிலிருந்து சிங்கப்பூர் சர்வருக்குப் போகும் வழியில் மூன்றாவது குறியீடு தென்பட்டால் வேறு விளக்கம் தேவையில்லை. போன வழியே திரும்பி வரும் என்றும் நினைக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுவனமும் பாக்கெட்டைத் தனக்கு மலிவான முதல் இடத்தில் அடுத்தவரிடம் தள்ளிவிடும் என்பதால் போகும் வழியும் வரும் வழியும் பெரும்பாலும் வேறுவேறு. ஆகவே இரண்டு முனையிலிருந்தும் அளக்க வேண்டும். ஹோஸ்டிங் நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸ் பக்கம் அதற்குத்தான் இருக்கிறது. அது இல்லாத நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவேன்.

தமிழ்நாட்டில் வாசகர் உள்ள தளத்துக்கு இதெல்லாம் எப்படிப் பொருந்துகிறது? சென்னை கேபிள்கள் கரையேறும் ஊர். பாரதியும் சிங்டெல்லும் சேர்ந்து போட்ட ஐ2ஐ 2002இலிருந்து, டாடாவின் கேபிள் 2004இலிருந்து சென்னையைச் சிங்கப்பூரோடு நேரே இணைக்கின்றன. நல்ல வழி கிடைத்தால் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குப் போய்வர 35 மில்லி வினாடி அளவில் ஆகும். மும்பைக்கு 20லிருந்து 25. பத்துப் பதினைந்து மில்லி வினாடி வித்தியாசத்தை எந்த வாசகரும் உணரப்போவதில்லை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களும் வாசகர்கள் என்றால் சிங்கப்பூர் சர்வரே பொருத்தம். இவ்வளவும் ‘நல்ல வழி கிடைத்தால்’ என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. ஹோஸ்டிங் நிறுவனம் ஜியோவோடும் ஏர்டெல்லோடும் சிங்கப்பூரில் சந்திக்காவிட்டால் பாக்கெட் ஐரோப்பாவையோ அமெரிக்காவையோ சுற்றி வரும்; 35 என்பது 200ஐத் தாண்டும்.

உள்நாட்டு சர்வர் என்றால் தொல்லை இல்லை என்றும் சொல்ல முடியாது. இந்திய நிறுவனங்களுக்கிடையேயான போக்குவரத்து வெளிநாடு போய்த் திரும்புவதைத் தடுக்கத்தான் 2003இல் நிக்ஸி என்ற இணையச் சந்திப்பு தொடங்கப்பட்டது. சென்னை அதன் ஆரம்ப மையங்களில் ஒன்று. ஆனால் அங்கே நெடுங்காலம் தகவலைக் கேட்டுப் பெறும் பக்கம் கட்டணம் செலுத்தும் முறை இருந்தது. பெரிய நிறுவனங்கள் தங்கள் வழிகள் எல்லாவற்றையும் அங்கே அறிவிக்கத் தயங்கின. பின்னால் டிஇ-சிக்ஸ், எக்ஸ்ட்ரீம் ஐஎக்ஸ் போன்ற தனியார் சந்திப்புகள் வந்து சிறிய ஐஎஸ்பிகளுக்கும் உள்ளடக்க நிறுவனங்களுக்கும் பாலமாயின. செல்பேசி இணைப்பில் பெரும்பங்கு ஜியோ, ஏர்டெல் இரண்டின் கையில் இருப்பதால், இந்த இரண்டுக்கும் நேரடி இணைப்போ நல்ல டிரான்சிட்டோ இல்லாத இந்திய ஹோஸ்டிங், எந்தச் சந்திப்பில் எத்தனை ஜிபிபிஎஸ் போர்ட் வைத்திருந்தாலும் பெரும்பாலான வாசகர்களுக்குச் சுற்றுவழிதான். பியரிங்டிபி தளத்தில் நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணைப் போட்டால் எந்தெந்தச் சந்திப்பில் இருக்கிறது என்று தெரியும். யாரோடு உண்மையில் பேசுகிறது என்பது ஹரிகேனின் பிஜிபி கருவியில் தெரியும். எந்தப் போர்ட் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது இரண்டிலும் தெரியாது.

கோப்புகளின் நகலைப் பல ஊர்களில் வைத்துப் பரிமாறும் சிடிஎன் ஒன்றை முன்னால் வைத்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்தது என்பார்கள். படங்களுக்கும் ஸ்டைல் கோப்புகளுக்கும் ஓரளவு தீரும். உள்நுழைவு, தேடல், பணம் செலுத்துதல் எல்லாம் மூல சர்வருக்குத்தான் போக வேண்டும். இலவசத் திட்டத்தில் பக்கத்து ஊர் மையத்திலிருந்தே சேவை கிடைக்கும் என்ற உறுதியும் கிடையாது. விலைகூடிய ஐஎஸ்பிகளின் பயனர்களைத் தூரத்து மையத்துக்கு அனுப்பும் உரிமையைச் சிடிஎன்கள் கையில் வைத்திருக்கின்றன.

நான் யாருக்கேனும் ஆலோசனை சொன்னால் இப்படிச் சொல்வேன். தளத்தின் பதிவேட்டைத் திறந்து வாசகர்கள் எந்த ஐஎஸ்பிகளிலிருந்து வருகிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்று நான்கு பெயர்களுக்குள் முடிந்துவிடும். அந்த இணைப்புகள் உள்ள வீடுகளிலிருந்து, இரவு எட்டு முதல் பதினொன்று வரை, ஒரு வாரம், தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று நிறுவனங்களின் சோதனை முகவரிகளுக்கு எம்டிஆர் ஓடவிடுங்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். மாலையில் மட்டும் இரட்டிப்பாகும் தாமதம் நிரம்பிய போர்ட்டின் கையெழுத்து. விற்பனையாளரிடம் டிரான்சிட் பெயர்களைக் கேட்காமல், ஜியோவுக்குத் திரும்பும் போக்குவரத்து எந்த ஊரில் கைமாறுகிறது என்று கேளுங்கள். பதில் தெரிந்தவரிடம் உங்களை மாற்றிவிட்டால் அது நல்ல நிறுவனம்.

ஒப்பந்தத்தில் 99.9 விழுக்காடு என்று போட்டிருப்பது பொதுவாக அந்த நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்கும் மின்சாரத்துக்கும்தான். எல்லைப் போர்ட்டின் நெரிசலோ, இரண்டு உச்ச நிறுவனங்களின் சண்டையோ, செங்கடலில் அறுந்த கேபிளோ அந்தக் கணக்கில் வராது. 2025 செப்டம்பரில் ஜெட்டா அருகே கேபிள்கள் அறுந்து இந்தியாவரை தாமதம் ஏறியபோது யாருக்கும் இழப்பீடு கோர வழி இருந்திருக்காது. இன்று நல்லதாக இருக்கும் வழி அடுத்த காலாண்டில் ஒரு பேச்சுவார்த்தை முறிந்தால் கெட்டுப்போகலாம். எனவே மூன்று வருடக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டி வாங்கும் தள்ளுபடியை ஹோஸ்டிங்கில் மட்டும் விட்டுவிடுவது நல்லது. மாத வாடகையில் எடுத்து, தினமும் வேறிடத்தில் பேக்அப் வைத்து, டிஎன்எஸ்ஸின் காலாவதி நேரத்தை 300 வினாடியில் வைத்திருப்பவர் ஒரே இரவில் வேறு நெட்வொர்க்குக்கு மாறிவிடலாம்.